பதினொரு கிராம்

கிழியவில்லை. நனையவில்லை. எலி கடித்ததும் இல்லை.
கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி
மேலே காக்கி டேப் ஒட்டியிருந்தது.
டேப்புக்கு அடியில் கறுப்பாய் ஒரு கட்டைவிரல்,
ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு.

"எங்கிட்ட வரும்போதே இப்பிடித்தான் மேடம்,
பாத்து வாங்கிக்குங்க"
என்றாள் தபால்காரி செல்வமேரி.
போனை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது
அவள் கட்டைவிரலைப் பார்த்தேன்.
மழமழவென்று இருந்தது.
பார்த்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

உறைமேல் சீட்டு:
தாராபுரத்தில் பதிவு. எடை முப்பத்தெட்டு கிராம்.
அனுப்பியவர் என்ற இடத்தில்
ஆறு வருடமாய் என் வாயில் வராத பெயர்.

உள்ளே வாரிசுச் சான்றிதழ் நகல்,
வீட்டு வரி ரசீது நகல்,
அப்புறம் ஒரு தாள், அதில் இவ்வளவுதான்:
நலம்.
நீயும் நலமாக இருப்பாய்.
நகல் இணைத்துள்ளேன், சரிபார்க்கவும்.
குணாளன்.

அயனாவரம் சேட்டுக் கடைக்கு
நகை வைக்க மட்டுமே போயிருக்கிறேன் இதுவரை.
உறையை நீட்டி, இதை நிறுத்துச் சொல்லுங்க என்றேன்.
மாங்கிலால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
தங்கம் படுக்கும் தட்டில் உறை வழிந்து கிடந்தது.
இருபத்தேழு.
ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தார்.
இருபத்தேழுதான்.
"பதினொண்ணு கம்மி.
ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் கீழே" என்றார்,
தொழில் பழக்கம்.

தபால் நிலையத்தில்
உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க,
போட்டோ எடுத்து வைங்க என்று
ஒரு படிவம் கொடுத்தார்கள்.
ஏழாவது கட்டம்: காணாமல் போன பொருள்.
எட்டாவது கட்டம்: அதன் மதிப்பு, ரூபாயில்.
பேனாவைக் கட்டியிருந்த சணல்
எட்டு வரைக்கும் எட்டவில்லை.

இரண்டு நாள் ஊரின் கட்டைவிரல்களைப் பார்த்துத் திரிந்தேன்.
வாட்ச்மேன்.
நான் இல்லாதபோது என் தபாலை வாங்கி வைக்கும் கீழ்வீட்டு ரோகிணி.
ஆவின் பூத்தில் மீதிச் சில்லறை.
29சி-யில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிய அத்தனை பேரும்.
எல்லாரும் திருடர்கள் போலவும் தெரிந்தார்கள்,
பாவம் போலவும் தெரிந்தார்கள்.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
மோதிரமா. பீரோச் சாவியா.
அப்பாவின் கடிகாரம் என்றால் கனம் அதிகம்.
பிரிண்டர் தாள் கட்டின் முதுகில் எண்பது என்று இருந்தது,
நீளம் அகலம் பெருக்கினால் ஒரு தாள் ஐந்து கிராம்.
இரண்டு தாள்.
மீதி ஒரு கிராம்
குண்டூசியாக இருக்கலாம்.

போன் போட்டேன்.
"தபால் வந்துச்சா?" என்றான், ஹலோ இல்லாமல்.
"வந்துச்சு. யாரோ பிரிச்சிருக்காங்க.
புகார் எழுதப் போறேன். உள்ள என்ன வச்சே?"
அந்தப் பக்கம் லேத் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு நின்றது.
"எழுதாதே. நான்தான்.
சீட்டு ஒட்டினப்புறம் மனசு கேக்கல.
கவுண்டர்லயே கத்தரி வாங்கி
ரெண்டு தாளை உருவிட்டேன்."

லேத்.
ஐந்து தையல். பெரியாஸ்பத்திரி.
அந்தக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.
அயனாவரம் பூராவும் விரல் பார்த்தேன்,
இது ஞாபகம் வரவில்லை.

என்ன எழுதியிருந்தாய் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
"ரெண்டு பக்கமும் எழுதினதா?" என்று கேட்டேன்.
"ஆமா" என்றான்.
லேத் மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் செல்வமேரி படியேறி வந்தாள், கையில் தபால் எதுவும் இல்லாமல்.
"புகார் குடுத்துட்டீங்களா மேடம்?
என் பீட்டு. என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."
இல்லை என்றேன்.
"எல்லாம் சரியா இருந்துதா உள்ள?"
இருந்தது என்றேன்.

புதன்கிழமை மூன்று தாள் எழுதினேன்,
இரண்டு பக்கமும்.
கவுண்டரில் எடை போட்டுச் சீட்டு ஒட்டினார்கள்.
பசைப் புட்டிக்குப் பக்கத்தில்
கைக்கெட்டும் தூரத்தில்
கத்தரிக்கோல் கிடந்தது.