ஊற்று எண் பதினேழு

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் விசாரணை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசைமேல் தக்காளி வடிவில் ஒரு சமையல் கடிகாரம்,
யார் வீட்டிலிருந்தோ எடுத்து வந்தது.

முதலில் கார்லின் உஹால்டே.
மூன்று தலைமுறையாய் இந்த நெவாடாச் சமவெளியில் மாடு வளர்ப்பவர்.
“ஸ்பானியர் கப்பலில் வந்து இறங்கியவை.
கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டால்
காட்டு விலங்காகிவிடுமா?
வந்தேறி வந்தேறிதான்.”
அவர் மாடுகளும் கப்பலில் வந்தவை.
அவர் பாட்டனும்.
அதை யாரும் கேட்கவில்லை,
இங்கே அது மரியாதையில்லை.

அடுத்து, ரீனோவிலிருந்து எலும்பு ஆய்வாளர் ப்ரிசில்லா வாங்கர்ட்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து
ஒரு கடைவாய்ப் பல்லை வைத்தார்.
சரளைக் குழியில் கிடைத்தது, வயது பதினாலாயிரம்.
புல்லைத் தின்று தின்று
மேல்புறம் தேய்ந்திருந்தது.
“குதிரை என்னும் இனமே இந்த மண்ணில் உருவானது.
வெளியே போனது. திரும்பி வந்திருக்கிறது.
வீட்டுக்காரனைப் பார்த்தா
யார் நீ என்கிறீர்கள்?”
கைதட்டல்.
பின்வரிசையில் ஒரு தொப்பி எழுந்தது:
“பத்தாயிரம் வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குப்
பட்டா எங்கே, அம்மா?”
அதற்கும் கைதட்டல்.
சில கைகள் இரண்டு முறையும் தட்டின.

லெவினா டிக், ஷோஷோனி.
ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.
“பூர்வகுடி யார் என்று
நீங்கள் கூடி முடிவெடுக்கும் அறையில்
நான் உட்காருவது இது நாலாவது தடவை.
முதல் மூன்றும் குதிரையைப் பற்றியதல்ல.”
போய் உட்கார்ந்துகொண்டாள்.
மிச்சமிருந்த இரண்டரை நிமிடத்தை
யாரும் எடுத்துக்கொள்ளத் துணியவில்லை.
தக்காளி டிக் டிக்கென்று
தனியாகப் பேசி முடித்தது.

பிறகு நான்.
என் வேலை நத்தை எண்ணுவது.
கடுகளவு நத்தை.
ஊற்று எண் பதினேழைத் தவிர
உலகத்தில் வேறெங்கும் கிடையாது.
அது எந்த ஊர் என்று எவரும் சண்டையிட்டதில்லை;
அதற்காக எவரும் இங்கே வரவுமில்லை.
ஜூலையில் இருநூற்றுப் பன்னிரண்டு.
செப்டம்பரில் முப்பத்தொன்று.
இடையில் குளம்படிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் பழுப்புத் தண்ணீர்.
மாடா, குதிரையா என்று
பாதி தடங்களைப் பிரிக்க முடியவில்லை.
சேறு சூடு போட்ட முத்திரையைப் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் சொன்னேன்.
ஒன்றைச் சொல்லவில்லை.

அக்டோபரில் ஊற்றின் மேல்தண்ணீர் வற்றிவிட்ட விடியற்காலை,
சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று
முன்னங்காலால் தோண்டியது.
முழங்கால் ஆழம் வரை தோண்டி,
பொறுத்து நின்று,
ஊறியதைக் குடித்து விலகியது.
அப்புறம் கவைக்கொம்பு மான்கள் இரண்டு.
அப்புறம் பெயர் தெரியாத ஒரு குருவி
குழிக்குள்ளேயே இறங்கி.
வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்,
குறிப்பேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
வெயில் ஏறியதும் போய்
குழியில் நத்தை தேடினேன்.
இல்லை.
வடிகட்டி, திரும்பவும் தேடினேன்.
இல்லை.

மணி அடித்தது.

உள்நாட்டு இனமா, வெளியினமா என்பதை
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.
வேலிக்கு மட்டும் பணம் ஒதுக்கினார்கள்.

இன்று காலை பதினேழைச் சுற்றிக் கம்பி இழுக்கிறோம்.
கீழ்க்கம்பியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி
விட்டுக் கட்டச் சொன்னேன்.
மான் வயிற்றால் ஊர்ந்து உள்ளே வந்துவிடும்.
மாடு வராது.
குதிரைக்கும் அப்படிக் குனியத் தெரியாது.

உள்ளே வந்த மானுக்கு
வற்றிய மாதத்தில் யார் தோண்டிக் கொடுப்பது
என்று கம்பி முறுக்குகிற பையன் கேட்டான்.
இடுக்கியை இங்கே கொடு என்றேன்.