ஒரு படி அதிகம்

பெல்லந்தூர். ஏழாவது மாடி. இரவு பத்தரை.
என் திரையில் உலகம் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறது.

ஒரு கேஸுக்கு இருபத்திரண்டு நிமிடம்.
பெயர் வராது. முதலெழுத்து, வயது, எடை,
விழுங்கிய மில்லிகிராம்,
பிறகு நடந்தது.
நடந்ததை அகராதியில் உள்ள சொல்லாக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
தலைக்குள் யாரோ தேங்காய் துருவுகிறார்கள் என்று
கண்டியிலிருந்து ஒருவர் எழுதினால்
தலைவலி என்று போடுவேன்.
துருவல் எங்கும் பதிவாகாது.

செவ்வாய்க்கிழமை போர்ச்சுகல். பெண், 61.
படியிறங்கும்போது தரை சீக்கிரமே வந்துவிட்டதாம்.
தலைச்சுற்றல்.
வியாழன், கொரியா. ஆண், 58.
ரயில் நிலையத்தில், இல்லாத படியில் கால் வைத்தார்.
கீழே விழுதல்.
அடுத்த வாரம் சிலியிலிருந்து ஒரு கணக்கு டீச்சர்:
"எண்ணினால் பதினொன்று. என் காலுக்குப் பன்னிரண்டு."
பார்வைக் கோளாறு என்றேன் அவளை.

ஒரே மாத்திரை.
நான் கொடுத்த மூன்று சொற்களில்
அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாது.

டாக்டர் ஷைலஜா ஹெக்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒன்றரைக் கோடிப் பேர் சாப்பிடறாங்க.
மூணுங்கறது வெறும் இரைச்சல்."
அவர் சொன்னது சரி. அதுதான் கஷ்டம்.
புகார் வந்த ஊர்களுக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி;
நம் தேசம் மட்டும்
பரம ஆரோக்கியமாக, வெள்ளையாக.

விடிகாலை நாலு மணிக்கு லிஃப்ட் நின்றுபோனது.
டார்ச் அடித்தபடி முன்னால் இறங்கினார்
செக்யூரிட்டி இருதயராஜ், கோலார் தங்கவயல்காரர்.
மாடிக்கு மாடி சுவரைத் தொட்டுக்கொண்டு,
கடைசிப் படிக்கு அப்புறமும்
இன்னொன்றுக்காகக் காலை இறக்க
தரை முட்டியது.
"ரெண்டு மாசமா இப்படித்தான் மேடம்.
கட்டுனவன் ஒண்ணு கொறச்சுட்டான் போல."
சிரித்தார்.

என்ன மாத்திரை சாப்பிடறீங்க என்று கேட்டேன்.
சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளிப் பட்டை.
மெடிக்கல்காரன் கத்தரித்த பாதியில்
பெயரின் பின்பாதிதான் இருந்தது.
முன்பாதி எனக்குத் தெரியும்.

"முட்டிவலிக்குக் குடுத்தாங்க.
படியைப் பத்தி யாரும் கேக்கல."

ஏழு மாடியும் திரும்ப ஏறினேன்.
ஒரு நோயாளி, ஒரு மருந்து, ஒரு கேடு,
அதைச் சொல்ல ஓர் ஆள்;
இவ்வளவு இருந்தால் கேஸ் திறக்கும்.
இ. ஆண், 54. பெங்களூரு.
சொல்பவர் கட்டத்தில் என் பெயரை அடித்தபோது
எழுத்துப்பிழை வந்தது.
அகராதி நீட்டிய சொற்களைத் தள்ளிவிட்டு
கட்டுனவன் ஒண்ணு கொறச்சுட்டான் போல என்பதை
அப்படியே எழுதினேன்.
அதன் கீழே சிலி, கொரியா, போர்ச்சுகல்,
அவரவர் வாய்ச்சொல்லோடு, ஒரே பக்கத்தில்.
ஹெக்டேவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.
தூங்கியிருப்பார்.

கேட்டில் இருதயராஜ் கேட்டார்,
"அப்ப இத நான் இன்னிக்குப் போடலாமா, வேணாமா?"
இருநூறு கட்டமுள்ள படிவம்.
இந்தக் கேள்வி அதில் இல்லை.

இன்னைக்கே டாக்டரைப் பாருங்க என்றேன்.
ஷிஃப்ட் எட்டு மணிக்குத்தான் முடியும் என்றார்.