காட்டுப் புளி தோன்றியது

புதுவயல் அரிசி ஆலையில்
பதினொன்றுக்கு மேல்
எடைமேடையில் வண்டி ஏறுவது குறைவு.
ஆறு இரவு அந்த நேரத்தில்தான் ஆடினேன்,
'ந' தேய்ந்துபோன ஆபீஸ் கணினியில்.

யாரோ விட்டுப்போன பென் டிரைவ்.
நெல் ரசீதுகளுக்கு நடுவே
'பூதவேட்டை கடைசி புதுசு 3'.
திறந்தால் முகப்பில்:
உருவாக்கம் சோ. அடைக்கபன், பள்ளத்தூர்.
தன் பெயரிலேயே ஒற்றை விழுங்கியவன்
ஊர்ப் பெயரில் மட்டும் ஒன்றும் தவறவிடவில்லை.

புல்லில் கால் வைத்ததும் திரை நடுங்கியது.
காட்டுப் புளி தோன்றியது.
வரிவரியாய் உடம்பு, நாலு கால், மீசை.
புளி வாளைச் சுழற்றியது.
வாள் எதுவும் இல்லை, பின்னால் ஒன்று ஆடியது.
உன் பூதத்தின் பழம் குறைந்தது.
பழம் தீர்ந்ததும்
மறுத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள்.
போனேன்.
வெள்ளை உடுப்புக்காரி
பெயருக்கேற்ப மறுத்தாள்.

எதிரி முதல் ஊரில் கதிரேசன்.
இரண்டாம் ஊரில் கார்மேகம்.
மூன்றாம் ஊரில் வெறும் 'பெயர் 2'.
உன் அப்பனைக் கொன்றது நான்தான் என்று
மூன்று பேரும் சிரித்தார்கள்.
அப்பா அடுத்த தெரு ஊருணியில்
படகுச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்.
எத்தனை முறை கேட்டாலும் பத்து ரூபாய்.

மலைமேல் பணிப்புயல் வீசியது.
பனி என்று நினைத்து அடித்திருப்பான்.
இரவுப்பணிக்காரனுக்கு
திருத்தத் தோன்றவில்லை.
அப்போது பார்த்து மானாமதுரை லாரி ஹாரன் அடித்தது.
நிறுத்து, சீட்டுக் கிழித்து, திரும்பினால்
என் பூதங்கள் மூன்றும் விறைத்துக் கிடந்தன.
சேமிக்கும் பொத்தானை அமுக்கினால்
ஆட்டம் மூடிக்கொள்ளும்.
மறுபடி புல்.
மறுபடி புளி.

ஐந்தாம் இரவுதான் அந்த வீடு.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு.
தரையைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றையும்
புள்ளி புள்ளியாய் உட்கார்ந்து வரைந்திருக்கிறான்.
ஒரு கல்லின் மூலையில் பச்சை சிந்தியிருந்தது.
அடுத்ததில் இல்லை.
மற்ற எதற்கும் இவ்வளவு நேரம் செலவழிக்காதவன்.

ஒன்றன்பின் ஒன்றாய் ஏழு கதவு.
தட்டினால்: சாவி பங்காளிகளிடம் உள்ளது.
எத்தனை பங்காளி என்று கேட்க வழியில்லை.
ஆம், இல்லை, இரண்டே விடை.
அரைமணி அலைந்து
சலித்துப்போய்ச் சுவரில் மோதினேன்.
உள்ளே இருந்தேன்.
அந்த வீட்டில் சுவர் வழியாகப் போகலாம்,
கதவு வழியாகத்தான் முடியாது.

கடைசிப் பூதம் பாதிதான் முடிந்திருந்தது.
இடப்பக்கம் நிறம், வலப்பக்கம் பென்சில் கோடு.
ஆறாம் இரவு, மூன்றே கால் மணிக்கு
அதன் பழம் ஒன்றுக்கு வந்தது.
மண்டியிட்டுச் சொன்னது:
என்னைக் கொல்.

ஆம். இல்லை.

பையில் ஒரு கலயம் மிச்சம்.
எறிந்தால் பூதம் என்னோடு வரும்.
கொள் என்கிறதா, கொல் என்கிறதா?
புலியைப் புளியாக்கியவன்,
கொள்ளிவாயைக் கொல்லிவாய் என்று எழுதியவன்.
ஆறு இரவாய் அவன் எழுதியதை விட்டு
அவன் நினைத்ததைப் படித்துப் பழகிய கண்.
ஆனால் தவறியும் ஒரு இடத்தில்
சரியாக எழுதியிருக்க மாட்டானா?
தேநீர் ஆறிப்போனது.
பாதி முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆம் என்று அமுக்கினேன்.
எதற்கு ஆம் என்று எனக்கே தெரியாமல்.

கறுத்த திரையில், கீழே, சின்ன எழுத்தில்:
இங்க சோகமா ஏதாச்சும் எழுதணும்.

வாய்விட்டுச் சிரித்தேன்.
ஆலைக்குள்ளிருந்து மூட்டைக்காரர் குருந்தன்
என்னப்பா என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.
அந்த வரிக்குக் கீழே
இன்னும் இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தான்.

விடியுமுன் ஒரு வெளிவண்டி.
தார்ப்பாய்க்கு வெளியேயும் புளித்த வாசம்.
எடை பார்த்து, சரக்கு என்ற கட்டத்தில்
புலி என்று அடித்தேன்.
ஓட்டுநர் படிக்காமலே மடித்துப் பையில் போட்டார்.
ஒன்பது டன் புலியை ஏற்றிக்கொண்டு
வண்டி மெதுவாகக்
காரைக்குடிப் பக்கம் திரும்பியது.