ஐந்து பூட்டு

முதலில் அந்த அறைக்குப் பூட்டே கிடையாது.
திருட என்ன இருந்தது அங்கே?
மை கக்கும் சைக்ளோஸ்டைல் யந்திரம்,
பதினொரு நாற்காலி,
சான் இலாரியோ துறைமுகம் முழுக்க வீசும்
மீன்மாவு ஆலையின் நாற்றம்.

வேலைநிறுத்தம் நாற்பத்தொரு நாள் ஓடிய வருடம் அது.
ஒருவர் துண்டறிக்கையை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்த
ஐந்து கட்சிகளும்
ஒரே அண்டாவில் சூப்பு குடித்தன.
பசிக்கு மாஸ்கோ தெரியுமா, பீக்கிங் தெரியுமா?
டப்பாவில் நெத்திலி அடைக்கும் என்னைக்
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
கூட்டக் குறிப்பு எழுத உட்காரவைத்தார்கள்.
விரலில் செதில் ஒட்டியிருந்தது.
யாரும் முகம் சுளிக்கவில்லை.

நகராட்சியைப் பிடித்த இரவில்தான்
பூட்டு வந்தது.
ஒரு கட்சியின் சாவியை இன்னொரு கட்சி நம்பாது,
ஆகவே ஐந்து பூட்டு.
பூட்டுக்குள் பூட்டாய்க் கோத்து ஒரு சங்கிலி,
எவர் எதைத் திறந்தாலும் கதவு திறக்கும்.
ஆசிரியர் லிசார்தோவின் யோசனை.
அதைவிட நல்ல அரசியலை
நான் பிறகு பார்க்கவில்லை.

மணல்மேட்டுக் குடிசைகளுக்கு
விடியுமுன் பால் போனது.
தலைநகரில் நாங்கள் எதிர்வரிசை.
அடுத்த முறை அரண்மனை என்றார்கள்.
நானும் சொன்னேன்.
மகளுக்குச் செருப்பு வாங்குவதைக்கூட
அந்த அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தேன்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
நாங்கள் ஐந்துபட்டோம்,
கூத்தாடிகளும் நாங்களே.

தோமிரோ கெரெவாலுவைப் பாலத்தருகே சுட்டார்கள்.
படகுத் தொழிலாளர் சங்கம், எங்கள் ஆள்.
சுட்டவர்கள் மலையிலிருந்து இறங்கியவர்கள்,
அவர்கள் கொடியும் சிவப்புதான்.

மாலை ஏழுக்குக் கூட்டம்.
'கண்டிக்கிறோம்' என்றன இரண்டு கட்சிகள்.
'வருந்துகிறோம்' போதும் என்றன இரண்டு.
ஐந்தாவது,
முதலில் சூழலை வரையறுப்போம் என்றது.
எழுதினேன், அடித்தேன், எழுதினேன்.
ஒரு காற்புள்ளிக்கு நாற்பது நிமிடம்.
வழக்கறிஞர் ஒயோலா மேற்கோள்களை
அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார்.
வாசற்படியில் சாந்தோசா உட்கார்ந்திருந்தாள்,
கணவன்மேல் போர்த்த ஒரு கொடி கேட்டு.
எந்தக் கொடி என்பதும்
நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக இருந்தது.

மூன்றரை மணிக்கு மின்சாரம் போனது.
சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தோம்.
படியில் அவள் இல்லை.
காலையில் பெட்டியின்மேல்
அவள் சமையலறைத் திரைச்சீலை,
மஞ்சள் பூப்போட்டது.

பிறகு எவனோ சங்கிலியை மாற்றிக் கோத்தான்.
ஐந்தும் திறந்தால்தான் கதவு திறக்கும்.
ஐந்து பேர் ஒரே நேரத்தில் வந்ததேயில்லை.

தேர்தலில் இரண்டு சின்னம்,
ஒரே ஒலிபெருக்கிக்குக் கைகலப்பு.
எண்ணி முடித்தபோது
இரண்டையும் கூட்டினாலும் மூன்றாமிடம்.
பால் நின்றது.
ஒயோலா ஒரு மந்திரிக்கு ஆலோசகரானார்.
லிசார்தோ போன இடம் தெரியாது,
தெரிந்தவர்கள் சொல்லவில்லை.
மீன்மாவு ஆலையை விற்றார்கள்.
எதிர்த்து நோட்டீஸ் அடிக்க யந்திரம் உண்டு,
உள்ளே.

போன மாதம் மீன் சந்தையில் சாந்தோசா.
நண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டே,
என்னைப் பார்க்காமலே கேட்டாள்:
'கடைசியில் எந்தச் சொல்லைப் போட்டீர்கள்?'

குறிப்பேடு என் வீட்டில்தான் இருக்கிறது.
ஆடும் மேசைக்கு அண்டை கொடுத்திருக்கிறேன்.
அந்தப் பக்கத்தில்
இரண்டு சொல்லும் அடித்துக் கிடக்கின்றன.
கீழே என் நல்ல கையெழுத்தில்,
அடுத்த கூட்டம்: செவ்வாய், மாலை ஏழு.

நண்டு நல்ல கனம், வாங்கு, என்றேன்.