கீழ்வரிசை

எங்கள் ஊரில் மலை கிடையாது.
கடல் உள்ளே வந்துவிடாமல் போட்ட கரை ஒன்று உண்டு,
அதன்மேல் செம்மறிகள் நிற்கும்.
அதைவிட உயரம் வேண்டுமென்றால் தேவாலய மணிக்கூண்டு,
அதையும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை
பள்ளியின் கால்பந்துத் திடலில்
சர்க்கஸ்காரர்கள் கூடாரம் அடித்தபோது
எல்லோரும் உயரத்துக்கே கைதூக்கினோம்.
ஊஞ்சலுக்கு இருபத்தொரு பேர்.
கோமாளிக்கு ஒருவரும் இல்லை.

சீட்டுக் குலுக்கினார்கள்.
ஓக்காவுக்குக் கோமாளி விழுந்தது.
நான்காம் வகுப்பில் சிரிக்காத பெண் என்றால் அவள்தான்;
பென்சில்களை நீளவாரியாக அடுக்கிவைப்பவள்.
சிவப்பு மூக்கைக் கையில் வாங்கி
பிடுங்கிய பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எனக்குக் கீழ்வரிசை.
"நல்ல பலகை முதுகு" என்றாள் சர்க்கஸ்காரி ரமோனா.
கீழே மூவர், மேலே இருவர், உச்சியில் யெல்ட்டோ:
ஆறு பேர் சேர்ந்தால்
எங்கள் ஊரின் மலை.

கீழே இருப்பவனுக்குக் காட்சி இல்லை.
மரத்தூள் தெரியும்.
பக்கத்தில் ஹௌக்கெயின் விரல்கள் தெரியும், நகமெல்லாம் மை.
மற்றதெல்லாம் எடையாகத்தான் வந்துசேரும்.
ஃபென்னா பயந்தால் அவள் முழங்கால்
என் தோள்பட்டைக்குக் கீழே இறங்கும்.
அவள்மேல் யெல்ட்டோ ஏறினால் இன்னும் இறங்கும்.
நான்கே நாளில்
முதுகால் ஆள் பார்க்கப் பழகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மழை,
கூடாரத் துணிமேல் பட்டாணி கொட்டியதுபோல.
தீயணைப்புக்காரர்கள் வந்திருந்தார்கள், ரொட்டிக்கடைக்காரர்,
மீன் தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் அம்மா.
இம்கெ தலைகீழாகத் தொங்கினாள்,
அவள் பல்லில் கட்டிய கம்பி மின்னியது.
தட்டுச் சுழற்றியவன் இரண்டைப் போட்டுவிட்டு
மூன்றாவதைப் பிடித்தான்.
அந்த மூன்றாவதற்குக் கிடைத்த கைதட்டு இருக்கிறதே!

பிறகு நாங்கள்.
குனிந்தோம். ஃபென்னா ஏறினாள்.
ஒரு துணுக்கு மரத்தூள்
என் மூக்குக்குள் குடிபோனது.

தும்மலை என்ன செய்வதென்று
யாரும் பழக்கித் தரவில்லை.
நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன்.
ஏழாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொன்னேன்.
யெல்ட்டோ கைவிரிக்கிறான் என்று
ஃபென்னாவின் முழங்கால் சொன்னது.
முரசு உருண்டது.
ஏழு நான்கு இருபத்தெட்டு,
ஏழு மூன்று

மலை ஒரு நொடி யோசித்தது.
பிறகு இறங்கியது:
முழங்கை, தலைமுடி, யாருடையதோ ஒரு குதிகால்,
எல்லாம் என்மேல்.

கூடாரம் மூச்சுவிடவில்லை. பட்டாணி மட்டும்.
பின்வரிசையில் ஒரு தடித்த குரல்
"ஆரோக்கியம்!" என்றது.
தும்மியவனுக்குச் சொல்லியே தீரவேண்டிய சொல்.
முந்நூறு பேருக்கும் அப்போதுதான் நினைவு வந்து
ஒரே வாயாக:
"ஆரோக்கியம்!"

ஓக்காவின் முறைக்கு இன்னும் இரண்டு ஆட்டம் இருந்தது.
பட்டியலை மீறுகிறவள் அல்ல அவள்.
ஆனாலும் வந்தாள்.
படகுபோன்ற காலணிகளில் தடக் தடக்கென்று,
மேசைவிரிப்பு ஒன்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு.
அதன் நுனியை என் மூக்கில் வைத்து,
பென்சில் அடுக்குகிற அதே முகத்தோடு
"ஊது" என்றாள்.
ஊதினேன்.

குவியலைத் தலைதட்டி எண்ணினாள்.
ஐந்து.
மறுபடி எண்ணினாள்.
ஏழு.
ஏழாவது தலை தன்னுடையது என்று தெரிந்ததும்
விரிப்புக்குள் ஒளிந்துகொண்டாள்.
ஒத்திகையில் இதெல்லாம் இல்லை.
ரமோனா திரையோரம் நின்று
சிரிக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எடுத்த படத்தில் மலை நன்றாகவே விழுந்திருக்கிறது,
விழுவதற்கு முந்தைய நொடியில்.
யெல்ட்டோ முழுக்கச் சிரிக்கிறான்.
"நீ எங்கே?" என்று அப்பா தேடினார்.
கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய கையைக் காட்டினேன்.
"இதுவா?"
"அதேதான்."
முதுகில் இரண்டு நீலவட்டம் இருந்ததை
அவருக்குக் காட்டவில்லை.

கூடாரம் போய்விட்டது.
திடலின் நடுவே வட்டமாகப் புல் வெளுத்துக் கிடக்கிறது,
இங்குமங்கும் மரத்தூள்.
இடைவேளையில் அங்கேதான் பந்து ஆடுகிறோம்.
அந்த வட்டத்துக்கு வந்ததும்
பந்து கொஞ்சம் மெதுவாகிறது.
அதற்குள் எனக்கு மூக்கு அரிக்கத் தொடங்கிவிடுகிறது.