மூன்று எழுத்து வித்தியாசம்

குழாயிலிருந்து ஒன்று,
அடைக்கலத்தின் புண்ணிலிருந்து ஒன்று.
இரண்டு குப்பியும் ஐஸ் பெட்டியில்
எட்டேகால் பஸ்ஸில் வந்தன.
மீனா என்று கேட்டாராம் நடத்துநர்.
ஆமாம் என்றுவிட்டான் சேவுகன்.

தட்டில் வழுவழுப்பாய் வெள்ளைக் குமிழ்கள்.
கம்பியால் தொட்டு இழுத்தால்
அறாமல் நூலாக நீளும்.
கிளெப்சியெல்லா.
பெயரைச் சொல்ல இவ்வளவு போதும்.
முழுசாகப் படிக்கலாம் என்றது நான்தான்.

முதல் தடவை படித்தபோது
எழுபத்திரண்டு துண்டு.
முனீஸ்வரன் கோயில் தெருவில்
வீட்டைப் பிரித்து விற்பார்களே, அப்படி:
நிலை ஒரு கடையில், கதவு இன்னொன்றில்,
எட்டுத் தூண் சுவரோரம் சாய்த்தபடி.
எட்டும் ஒரே கடைசல்.
எது முகப்பில் நின்றது, எது இரண்டாங்கட்டில்,
விற்கிறவருக்கே தெரியாது.
இதற்குள்ளும் எட்டுப் பிரதி,
புரதம் செய்யும் பட்டறைக்கான வரைபடம்,
ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் எட்டு இடத்தில்.
குட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு
எந்தத் தூணை எங்கே நடுவது?

ஆகவே நீளமாகப் படித்தோம்.
நுனி வெட்டிய பிப்பெட்டில்
மூச்சைப் பிடித்து உறிஞ்சினேன்;
அவசரப்பட்டால் இழை அறுந்துவிடும்.
ஸ்டேப்ளர் அளவே ஒரு கருவி.
துளைக்குள் இழை நுழைய நுழைய
மின்னோட்டம் நடுங்கும்,
அந்த நடுக்கம் எழுத்தாகும்.
நான்கே எழுத்து. ஆய்தம்கூடக் கிடையாது.

இரவு பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.
இன்வர்ட்டர் நாற்பது நிமிடம் தாங்கும்.
ஃபேனை அணைத்துவிட்டு ரஹ்மத் நிஷா
வெளி வராந்தாவில் செல்போன் வெளிச்சத்தில்
டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
வெள்ளைப் பணியாரம், ஆறியது. ஆளுக்கு மூன்று.
முப்பத்தெட்டாவது நிமிடம் கரண்ட் வந்தது.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலை
கணினி ஒரே வரி எழுதியது:
ஐம்பத்துமூன்று லட்சத்துச் சொச்சம். வட்டம்.
வால் தலையோடு சேர்ந்த இடத்தைத் தேடினேன்.
அப்படி ஓரிடம் இல்லை.
வட்டத்துக்கு முதலெழுத்து நாம் வைப்பதுதான்;
நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் மரபணுவை
முதல் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.
பக்கத்தில் மூன்று சின்ன வளையங்கள்.
ஒன்றில், மருந்தை முறிக்கும் வித்தைகள்,
அடைக்கலத்துக்குக் கடைசியாகப் போட்ட ஊசி வரைக்கும்.

மறுவாரம் குழாயின் வட்டமும் மூடியது.
இரண்டையும் அருகருகே ஓடவிட்டோம்.
மூன்று எழுத்து வித்தியாசம்.

இந்தப் பக்கம் கல்யாணம் முடிந்ததும்
கோயில் கணக்கில் தனிப் புள்ளியாக ஏற்றுவார்கள்.
ஒரே வீடு, தனி அடுப்பு.
இவை பிரிந்து சில மாதம் இருக்கும்,
அவ்வளவுதான்.
யாரிடமிருந்து யார் என்று
மூன்று எழுத்து சொல்லாது.
குழாயிலிருந்து புண்ணுக்கா,
புண்ணிலிருந்து குழாய்க்கா,
இரண்டுக்கும் முன்னால் வேறொரு கட்டிலா.
கை கழுவச் சொல்லும் படத்தை
அந்தக் குழாய்க்கு மேல்தான் ஒட்டியிருந்தார்கள்.

அடைக்கலம் பதினோராம் நாளே போய்விட்டார்.
லாரி ஓட்டுநர், பள்ளத்தூர், கால் எலும்பு முறிவு.

தரவுத்தளப் படிவம் கேட்கிறது:
நாடு, ஊர், அட்சரேகை, எடுத்த தேதி.
எடுத்த இடம்: புண்.
ஓம்புயிர்: மனிதன்.
பெயருக்குக் கட்டமில்லை, இருக்கவும் கூடாது.
திரிபின் பெயர் என்ற இடத்தில்
அ என்று தொடங்கி, அழித்து,
கேகே பதினேழு என்று அடித்தேன்.

மைனஸ் எண்பதில், மூன்றாவது தட்டில்,
அது உயிரோடு இருக்கிறது.

சாயங்காலம் சேவுகன் போன் செய்தான்.
குழாயைக் கழற்றியாச்சாம், புதுசு மாட்டியாச்சாம்.
பழசு பித்தளை, நல்ல கனம்,
எடைக்குப் போட்டால் நானூறு தேறும்,
அவித்துப் போடணுமா, அப்படியே போடலாமா?

இங்கே கொண்டு வா என்றேன்.
பஸ்ஸில் வேண்டாம்.