நனைந்த தீக்குச்சிகள்

ரியேகாவின் மீன் சந்தைக்கு அடியில்
எங்களுக்கு ஒரு நிலவறை கிடைத்தது.
வாடகைக்குப் பதில் சனிக்கிழமைதோறும்
சந்தைத் தரையைக் கழுவிவிட வேண்டும்.
கழுவிய தண்ணீர்
எங்கள் ஆம்ப்ளிபயர் மேலேயே வந்து சொட்டும்.
பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.
சிகரெட் பற்றவைத்துப் பார்த்துத் தோற்ற ஸ்ரெச்கோ
பெட்டியைச் சுவரில் வீசிச் சொன்ன இரண்டு சொல்தான்.

எண்பத்திரண்டு.
துல்லியோ டிரம்ஸ், ஸ்ரெச்கோ கிடார், நான் பேஸ்:
நாலு தந்தியில் மூன்று இருந்தது,
வாசிக்கத் தெரிந்தது இரண்டு.
ஓர்னெல்லா பாடினாள் என்பது மரியாதைக்கு.
கப்பல் பட்டறைச் சங்கை மிஞ்சிக் கத்த வேண்டும்,
பயிற்சி அவ்வளவே.

ஒரே ஒரு கேசட். அறுபது பிரதி.
அட்டைக்கு உருளைக்கிழங்கில் வெட்டிய அச்சு
நாற்பதாவதில் அழுகிவிட்டது,
மிச்சம் இருபதும் வெறும் கறுப்புத் தீற்றல்.
இரண்டாம் பாட்டின் நடுவே
துல்லியோவின் குச்சி முறிந்தது.
ஒரு அடி விழவில்லை.
அந்த இடைவெளியில் யாரோ இருமுவது கேட்கும்.
நான்தான்.
திரும்பப் பதிய நாடா இல்லை.

அப்புறம் கணக்கு உதைக்கும்.
துல்லியோ சரக்குக் கப்பலேறி
வால்பரைசோவில் இறங்கிக்கொண்டான்.
ஓர்னெல்லா பல் மருத்துவர் ஆனாள்,
வாயைத் திற என்று இப்போது ஊருக்குச் சொல்கிறாள்.
ஸ்ரெச்கோவுக்கு ஆறு மாதம் கடவுள் கிடைத்தார்;
தொலைத்துவிட்டுத் திரும்பியபோது
அவன் கிடாரில் வேறொருவன் விரல்.
தொண்ணூற்றொன்றில்
டிரம்ஸும் பேஸும் ஒரே வாரத்தில் போனார்கள்,
இரண்டு வேறு சீருடைகளில்.
பேஸ் என்றால் நானில்லை, எனக்கு அப்புறம் வந்தவன்.
நான் விலகியதற்குக் காரணம் கேட்காதீர்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை மழை, போகவில்லை.
புதன்கிழமை மழை இல்லை,
போகவில்லை.

போன மாதம் யூகோ காற்று அடித்த இரவில்
அதே நிலவறை, அதே சொட்டு.
வாசலில் ஒரு பையன் ஐந்து யூரோ வாங்கி
மணிக்கட்டில் முத்திரை குத்தினான்.
"முதல் தடவையா? காதுக்குப் பஞ்சு தரட்டுமா?"
வாங்கிக்கொண்டேன்.

மேடையில் நாலு பேர், ஒரு முகமும் தெரியாது.
டிரம்ஸில் பச்சை முடியோடு ஒருத்தி,
எங்கள் கேசட் வந்தபோது
அவள் அம்மாவுக்குப் பால்பல் விழுந்திருக்காது.
இரண்டாம் பாட்டு.
நடுவில் அவள் கை உயர்ந்து
அப்படியே நின்றது.
ஒரு அடி விழவில்லை.

அந்த இடத்தில், மிகச் சரியாக,
அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும்
இருமினார்கள்.

நான் மட்டும்
ஒரு நொடி பிந்திவிட்டேன்.